மூணு மாசமா ஜிம், ஏறினது முக்கால் கிலோ. மெஸ் சாப்பாட்டில் உடம்பு ஏறுமா?

ஐம்பத்தோரு கிலோ எழுதியது:

வணக்கம். வயசு 23, உயரம் அஞ்சடி ஒன்பது அங்குலம். எடை என் பேரிலேயே இருக்கு.

சொந்த ஊர் அரூர் பக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசரா இருக்கேன். மூணு பேர் சேர்ந்து ரூம். அடுப்பு கிடையாது, ஒரு எலக்ட்ரிக் கெட்டில் மட்டும்தான். காலையில் மெஸ்ஸில் 4 இட்லி, மதியம் சாப்பாடு, சாயங்காலம் டீ, ராத்திரி 2 புரோட்டா. ஞாயித்துக்கிழமை பிரியாணி. நல்லாத்தான் சாப்பிடுறேன், ஒட்டவே மாட்டேங்குது.

மூணு மாசம் முன்னாடி ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் ஒரு சார்ட் கொடுத்தார். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் பைசெப்ஸ், வெள்ளி டிரைசெப்ஸ், சனி கால். சனிக்கிழமை எனக்கு ஷிப்மென்ட் வேலை இழுத்துடும், அதனால கால் இதுவரை மூணு தடவைதான் பண்ணியிருக்கேன். 50.2 இருந்தது இப்ப 51. மாஸ்டர், “மாஸ் கெய்னர்னு எடை ஏத்தற பவுடர் இருக்கு, அதை எடுத்தாத்தான் ஏறும், 3 கிலோ டப்பா நானே வாங்கித் தர்றேன்” என்கிறார். விலை மூவாயிரத்துக்கு மேல. சம்பளம் 19,000, வீட்டுக்கு 8,000 அனுப்பணும்.

போன மாசம் சித்தி மகள் கல்யாணத்தில் பந்தியில் உக்காந்தப்போ ஒரு பெரியப்பா சத்தமா, “ஏன்டா, திருப்பூர்ல சோறே போடறதில்லையா?” என்றார். பரிமாறினவர் சிரிச்சுக்கிட்டே எனக்கு மட்டும் ரெண்டு கரண்டி சோறு கூடப் போட்டார்.

கெய்னர் வாங்கலாமா? பச்சை முட்டை குடிச்சா சீக்கிரம் ஏறும்னு ரூம்மேட் சொல்றான், நிஜமா? அடுத்த மாசம் புரட்டாசி, வீட்டில் பெருமாளுக்கு விரதம், நானும் முட்டைகூடத் தொட மாட்டேன். அப்ப என்ன பண்றது?

நைட் ரைடர் எழுதியது:

ப்ரோ, தினம் ராத்திரி 6 வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். பத்தே நாள்ல 5 கிலோ. என் மச்சான் ஏறினான்.

ஓவர்லாக் டைலர் எழுதியது:

பத்து நாள்ல 5 கிலோ ஏறினா அது உடம்பு இல்லீங்க, வீக்கம். ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.

தம்பி, உங்க கதை அப்படியே என் கதைங்க. நானும் திருப்பூர்தான், டைலர். 26 வயசில் 49 கிலோ, உயரம் அஞ்சடி ஏழு. இப்ப 33 வயசு, 67 கிலோ. முதல் வருசத்தில் ஏறினது 8 கிலோ. மீதி மெதுவா, இடையில நின்னு நின்னு வந்துச்சு. படிச்ச டயட்டீசியன் இல்லீங்க நான். பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

“நல்லாத்தான் சாப்பிடுறேன்”னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் கோளாறு. நானும் அதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். ஒரு நாள் வேற வேலை இல்லாம, தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளின் பின்பக்கத்தில் அன்னைக்குச் சாப்பிட்டதை எழுத ஆரம்பிச்சேன். மூணு வாரம் எழுதினேன். பாத்தா, வயிறு நிறையச் சாப்பிட்டது ஞாயித்துக்கிழமை மட்டும். நைட் ஓடின நாள்ல ராத்திரிச் சாப்பாடே கிடையாது, டீயும் பன்னும். ரெண்டு நாள் காலைல ஒண்ணுமே இல்லை. பிரியாணி தின்ன நாளை வச்சு ஏழு நாளையும் கணக்குப் போட்டிருக்கேன்.

உங்க சாப்பாட்டையே எடுத்துக்கலாம். ஒரு இட்லியில் புரதம் 2 கிராம்தான், 4 இட்லிக்கு 8. மதியம் சோறு 300 கிராம்னு வச்சாக்கூட அதிலயும் ஒரு 8. சாம்பார், பொரியல், மோர் எல்லாம் சேர்த்து 8. புரோட்டா ரெண்டுக்கும் 9, 10. டீயில் இருக்கிற பாலுக்கு 2, 3. கூட்டினா 35, 37 தாண்டாது. சாதாரணமா உடம்பு ஓடவே கிலோவுக்கு 0.83 கிராம் வேணும்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லுது, உங்க எடைக்கு அது 42. அதுக்கே பத்தலை. எடை தூக்கி தசை ஏத்தறவங்களுக்கு கிலோவுக்கு 1.6 கிராம்னு 2018ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்து ஒரு கணக்கு வந்துச்சு. உங்களுக்கு 82. அதாவது இன்னும் 45 கிராம் வேணும்.

அந்த 45க்கு டப்பா வேண்டாம். 4 வேக வச்ச முட்டை 24 கிராம். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 16. ஐம்பது கிராம் வேர்க்கடலை 12. மொத்தம் 52. கலோரியும் கிட்டத்தட்ட 870 வந்துரும். தினம் அறுபது ரூபாய்க்குள்ள முடிஞ்சுரும்னு நினைக்கிறேன், முட்டை விலை ஏறாம இருந்தா. ஒரே நாள்ல எல்லாத்தையும் ஆரம்பிக்காதீங்க, வயிறு பொருமும். முதல் வாரம் முட்டையும் கடலையும், அடுத்த வாரம் பால். பால் ஒத்துக்கலைன்னா தயிரா மாத்திக்குங்க.

கெட்டில் இருக்கில்ல, போதும். முட்டையைப் போட்டு முங்கற அளவு தண்ணி ஊத்திப் போட்டு விடுங்க. கொதிச்சு அணைஞ்சதும் மூடியைத் திறக்காம கால் மணி நேரம். இன்னொருக்கா போட்டு அணைச்சா சந்தேகமே இல்லை. பச்சை முட்டை வேண்டவே வேண்டாம். வெந்த முட்டையில் இருக்கிற புரதம் தொண்ணூறு சதவீதம் உடம்பில் சேருது, பச்சையாக் குடிச்சா பாதிதான். சேராத பாதிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கறோம். வயித்தால போறது தனி.

கெய்னர் டப்பாவைத் திருப்பிப் பின்னாடி படிச்சுப் பாருங்க. பெரும்பாலான டப்பாவில் முதல்ல இருக்கிறது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்துங்க, அவ்வளவுதான். அதை மெஸ்ஸில் ரெண்டாவது சோறா வாங்கினா காசே இல்லை.

மெஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. சாம்பார் ஊத்தறவரைக் கவனிச்சிருக்கீங்களா? கரண்டியை வாளிக்குள்ள மேலாக விட்டு, ஒரு சுத்துச் சுத்தி, தண்ணியா இருக்கிறதை அள்ளுவார். பருப்பு எல்லாம் அடியில் உக்காந்திருக்கும். கடைசிப் பந்தியில் சாப்பிடறவனுக்குத்தான் கெட்டியா வரும். நான் ஒரு மாசம் பாத்துட்டு ஒரு நாள், “அண்ணா, அடியிலிருந்து ஊத்துங்ணா”ன்னேன். முறைச்சார். மறுநாளும் கேட்டேன். மூணாவது நாள் சிரிச்சுக்கிட்டே ஊத்தினார். வெக்கப்படாதீங்க. அதே மாதிரி சோத்தைக் குறைக்காதீங்க. தொப்பை இருக்கிறவங்களுக்குச் சொன்ன அறிவுரையை நம்மள மாதிரி ஆளுங்க கேட்டு வீணாப் போறோம்.

புரட்டாசிக்கு மீல் மேக்கர், அதாவது சோயா உருண்டை. காஞ்சது 100 கிராமுக்குப் புரதம் 52. தினம் 50 கிராம், கெட்டில் சுடுதண்ணியில் ஊற வச்சு, ரெண்டு தடவை நல்லாப் பிழிஞ்சு, இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பெரட்டித் தின்னுங்க. சட்டிபானை வேண்டாம், அடுப்பு வேண்டாம். அது சாப்பிட்டா பொம்பளை ஹார்மோன் வரும்னு உங்க ஜிம்மில் எவனாவது சொல்லுவான். இந்த அளவுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது. அந்த மாசம் நவராத்திரியும் வரும், எந்தக் கொலுவுக்குக் கூப்பிட்டாலும் கூச்சப்படாமப் போங்க. கொண்டைக்கடலைச் சுண்டலை ரெண்டாவது தடவை கேட்டு வாங்குங்க.

இப்ப ஜிம். அந்த சார்ட் மூணு நாலு வருசம் பழகினவனுக்கு ஆகும். புதுசா வர்றவனுக்கு ஒரு தசையை வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் தொட்டா அது மறந்துரும். சனிக்கிழமையில் கொண்டு போய்க் காலை வச்சா, நீங்களும் மறந்துருவீங்க. வாரம் மூணு நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்பு. ஒரு நாள் ஸ்குவாட் (ராடைத் தோளில் வச்சு உக்காந்து எழறது), பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து மேல தள்றது), ரோ (குனிஞ்சு வயித்துப் பக்கம் இழுக்கறது). அடுத்த நாள் ஸ்குவாட், தலைக்கு மேல தூக்கற ஷோல்டர் பிரஸ், தரையிலிருந்து தூக்கற டெட் லிஃப்ட். மாத்தி மாத்தி. மூணு மூணு செட்டு, ஒரு செட்டில் எட்டு ரெப்ஸ், அதாவது எட்டுத் தடவை. டெட் லிஃப்ட் மட்டும் ரெண்டு செட்டு அஞ்சஞ்சு போதும். கை வேணும்னு ஆசையா இருந்தா கடைசியில் ரெண்டு செட்டு பைசெப்ஸ் பண்ணிக்குங்க. நானும் பண்ணினவன்தான், கண்ணாடி முன்னாடி.

முதல் வாரம் வெறும் ராடு. அந்த ராடையும் ஒரு தடவை எடை மெஷினில் நிறுத்திப் பாருங்க. 20 கிலோன்னு நினைச்சு நான் எழுதிட்டிருந்தது, நிறுத்துப் பாத்தா 9 கிலோ. மூணு செட்டிலும் எட்டு வந்துருச்சுன்னா அடுத்த தடவை 2.5 ஏத்துங்க. வரலைன்னா அதே எடை. செட்டு முடியறப்போ இன்னும் ரெண்டு தடவை தூக்கலாம்னு தோணற இடத்தில் நிறுத்துங்க, நாக்குத் தள்ளற அளவுக்கு வேண்டாம். நோட்டில் எழுதுங்க. எழுதாதவனுக்கு ஏறினது தெரியாது.

ஷோல்டர் பிரஸ்ஸில்தான் நான் மாட்டினேன். எங்க ஜிம்மில் சின்ன பிளேட்டே 2.5தான். ரெண்டு பக்கமும் போட்டா ஒரே தாவலில் 5 கிலோ. ஆறு வாரம் அதே எடையில் நின்னேன். அப்புறம் கட்டிங் வேஸ்ட் பனியன் துணியில் ரெண்டு குட்டிப் பை தைச்சேன், நாலு பக்கமும் ஓவர்லாக் அடிச்சு. உள்ள மணல், மளிகைக் கடைத் தராசில் வச்சு ஆளுக்கு அரைக் கிலோ. ராடு நுனியில் ரெண்டு பக்கமும் கட்டித் தொங்க விட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க, “என்ன டைலரே, ராடுக்கு ஜட்டி தைச்சிருக்கியா”ன்னு. அந்த ஒரு கிலோவில்தான் என் தோள் நகர ஆரம்பிச்சுது.

ஒரு அவமானத்தையும் சொல்லிடறேன். ஆறாவது மாசம், டெட் லிஃப்ட்டில் பக்கத்தில் ஒரு காலேஜ் பையன் 80 தூக்கறான்னு நானும் 60ல இருந்து நேரா 80 போட்டேன். முதுகு வளைஞ்சது எனக்கே தெரிஞ்சுது, இறக்கியிருக்கணும். இடுப்பில் ‘சுளுக்’னு பிடிச்சுது. ஓவர்லாக் மெஷினில் கீழ் லூப்பருக்கு நூல் கோக்கக் குனியோணும்ங்க. பன்னெண்டு நாள் குனிய முடியலை. பக்கத்து மெஷின் அக்காவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நூல் கோத்துக்கிட்டேன். பீஸ் ரேட் ஆளுக்குப் பன்னெண்டு நாள்னா என்னான்னு திருப்பூர்க்காரங்களுக்குத் தெரியும்.

எடை பாக்கறது காலைல வெளிய போயிட்டு வந்து, எதுவும் சாப்பிடறதுக்கு முன்னாடி. தினம் பாத்து வாரக் கடைசியில் சராசரி எடுங்க. வாரத்துக்கு 250, 300 கிராம் ஏறினா சரியான ரூட்டு. ரெண்டு வாரம் நகரலைன்னா இன்னொரு கரண்டி சோறு. ஷிப்மென்ட் வாரத்தில் தூக்கம் போச்சுன்னா அந்த வாரம் எடை ஏத்தாதீங்க, போய்த் தலையைக் காட்டிட்டு வாங்க.

லேப் அக்கா எழுதியது:

டைலர் தம்பி சொன்னதுக்கு முன்னாடி ஒரு படி இருக்கு. அஞ்சடி ஒன்பதுக்கு 51 கிலோன்னா பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கற கணக்கு) 17 பக்கத்தில் வருது, 18.5க்குக் கீழே இருந்தாலே எடை குறைவு. பெரும்பாலும் சாப்பாடுதான் காரணம், ஆனா அதை நாமளே முடிவு பண்ணக் கூடாது. ஒரு தடவை டாக்டரைப் பாத்துட்டு தைராய்டு, சுகர், ஹீமோகுளோபின் எடுத்துடுப்பா. வயித்தில் பூச்சி இருக்கான்னும் கேளு. இருமல், ராத்திரி வேர்வை, காரணமில்லாம எடை குறையறது மாதிரி எதாவது இருந்தா கண்டிப்பா சொல்லு. அரசு ஆஸ்பத்திரியிலேயே பாக்கலாம்.

நான் லேபில் இருக்கிறதால இன்னொண்ணு. ஜிம் பசங்க ரிப்போர்ட் வாங்கிட்டு முகம் வெளுத்து நிப்பாங்க, கிட்னி டெஸ்டில் பாக்கற கிரியாட்டினின் கொஞ்சம் கூட இருக்கும். விசாரிச்சா தசைக்குன்னு கிரியேட்டின் பவுடர் எடுத்துட்டிருப்பாங்க. தினம் 3ல இருந்து 5 கிராம் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் நல்லா ஆராய்ஞ்ச பொருள்தான். ஆனா அது ரத்தத்தில் கிரியாட்டினினைக் கொஞ்சம் ஏத்திக் காட்டும். எடுக்கிறதா இருந்தா டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிடணும். கிட்னியில் ஏற்கெனவே பிரச்சினை இருக்கிறவங்க கிரியேட்டினோ கூடுதல் புரதமோ கேக்காம ஆரம்பிக்கக் கூடாது. உனக்கு இப்ப ரெண்டும் அவசரமில்லை, முதல்ல முட்டையைச் சாப்பிடு.

எந்த மாஸ்டராவது “ஒரு ஊசி போட்டா போதும்”னு ஸ்டீராய்டுக்கு அடி போட்டா அந்த ஜிம்மையே மாத்திடு. இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தனோட ஹார்மோன் ரிப்போர்ட்டைப் பாத்து நானே மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாத்தேன், மெஷின் தப்பா இருக்கும்னு. தப்பு இல்லை.

நான் எடை தூக்க ஆரம்பிச்சது 38 வயசில், முட்டி வலிக்காக. இப்ப 14.2 கிலோ கேஸ் சிலிண்டர்... சரி, அது எதுக்கு இங்க.

நாங்குநேரிக்காரன் எழுதியது:

எல்லாம் சரிதான், ஆனா எங்க தாத்தாமாருக்கு மீல் மேக்கரும் தெரியாது, கிரியேட்டினும் தெரியாது. பழைய சோறு, கருவாடு, வயக்காட்டு வேலை. இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏத்தித்தான் பொண்ணு கேட்டாங்க. இப்பவும் பொங்கலுக்கு எங்க திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில் போய்ப் பாருங்க. கல்லில் பிடி கிடையாது, வழுவழுன்னு உருண்டையா கிடக்கும். குத்த வச்சு உக்காந்து அணைச்சு, முட்டிக்கு ஏத்தி, அங்க ஒரு மூச்சு வாங்கி, நெஞ்சு, அப்புறம் தோள். தோளில் இருந்து பின்னால போட்டாத்தான் கணக்கு. இத எந்த மெஷினில் பண்ணுவீங்க?

ஓவர்லாக் டைலர் எழுதியது:

ஐயா, நீங்க சொன்னது என் பேச்சுக்குத்தான் பலம். அங்க ஒரே ஒரு கல்லா இருக்குது? நாப்பத்து சொச்சம் கிலோவில் ஆரம்பிச்சு 129 வரைக்கும் வரிசையா இருக்குதுங்களே. சின்னதைத் தூக்கிப் பழகினவன்தான் அடுத்த கல்லைத் தொடுவான். நான் மணல் பை கட்டினதும் அதுக்குத்தான். அப்புறம் தாத்தா தின்ன கருவாட்டை விட்டுட்டு, பேரன் பழைய சோத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டா எப்படி ஏறும்? கருவாட்டில்தானுங்க புரதம்.

நாங்குநேரிக்காரன் எழுதியது:

அதுவும் சரிதான் வே.

ஐம்பத்தோரு கிலோ எழுதியது (ஏழு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன மாதிரி டெஸ்ட் எடுத்தேன். தைராய்டு, சுகர் நார்மல். ஹீமோகுளோபின் கொஞ்சம் கம்மி, டாக்டர் இரும்பு மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தார். மாத்திரையை டீயோட போடாதேன்னு திட்டினார், நான் அதைத்தான் பண்ணிட்டிருந்தேன்.

கெய்னர் வாங்கலை. மாஸ்டர் ஒரு வாரம் பேசலை, அப்புறம் அவரே வந்து ஸ்குவாட்டில் முட்டி உள்ள போகுதுன்னு திருத்தினார். போன வாரச் சராசரி 53.1. ஸ்குவாட் வெறும் ராடில் ஆரம்பிச்சு இப்ப 32.5. எங்க ராடும் 20 இல்லை, நிறுத்தினேன், பதினொண்ணே சொச்சம்.

முதல் வாரம் மீல் மேக்கரைச் சரியாப் பிழியாம தின்னு வாந்தி வந்திருச்சு. இப்ப மூணு தடவை பிழியறேன். ரூம்மேட்டும் இட்லிப் பொடிக்குப் பங்குக்கு வர்றான். சாம்பார் அண்ணாவிடம் கேக்க அஞ்சு நாள் ஆச்சு எனக்கு. கேட்டதும் அவர், “நீ டைலர் சொல்லி வந்த பையனா?”ன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஓவர்லாக் அண்ணா, நாம ஒரே மெஸ்ஸா?

இன்னொரு சந்தேகம். இது புரட்டாசி கடைசி சனி, அடுத்த வாரம் மறுபடி அசைவம். ஒரு நாளைக்குச் சிக்கன் எவ்வளவு? மீல் மேக்கரை விட்டுடலாமா?

ஓவர்லாக் டைலர் எழுதியது:

ஒரே மெஸ்தான் போல. நான் கடைசிப் பந்தி, ஒண்ணே முக்காலுக்கு வருவேன். ஜன்னல் ஓரம்.

தோல் எடுத்த நெஞ்சுக்கறி 100 கிராம் பச்சையா நிறுத்தாலே 22, 23 கிராம் புரதம். வாரத்தில் ரெண்டு நாள் மெஸ்ஸில் சிக்கன் போடறப்போ 150 வாங்கிக்குங்க, அன்னைக்கு முட்டை ரெண்டு போதும். மத்த நாளுக்கு மீல் மேக்கரை விடாதீங்க, மாசக் கடைசியில் சம்பளம் தீர்ந்தப்புறம் கோழி வராது, அதுதான் வரும். எடை 53 ஆச்சில்ல, கணக்கை 85ன்னு மாத்தி எழுதுங்க.

அப்புறம் ஷோல்டர் பிரஸ் எங்க நிக்குதுன்னு சொல்லலையே. நின்னிருந்தா மதியம் வர்றப்போ சொல்லுங்க, ரெண்டு பை தைச்சு எடுத்துட்டு வர்றேன். மணல் நீங்க போட்டுக்கோணும்.